பத்து லட்சத்து ஒன்பது

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நகராட்சிப் பள்ளியின் இரண்டாம் மாடியில் அறுபது பேர் கணித ஆசிரியர் தேர்வு எழுதினார்கள். எழுபத்து நான்காவது கேள்வி: 'ஒன்றைத் தவிர்த்து, 10,00,009-ஐ மீதியின்றி வகுக்கும் மிகச் சிறிய எண் எது?'

பெரும்பாலானவர்கள் அதைத் தொடவில்லை. ஜன்னலோரம் இருந்த பெண் தொட்டாள். பதினாறு வருடமாக டியூஷன் எடுப்பவள். எதற்கெடுத்தாலும் “மீதி எவ்வளவு?” என்று கேட்பதால் பிள்ளைகள் அவளை மீதி டீச்சர் என்பார்கள். நவம்பரில் நாற்பது முடிகிறது. அதற்குமேல் இந்தத் தேர்வை எழுத முடியாது.

ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று பகா எண்களால் வகுத்துக்கொண்டே போனாள். அறுபத்து இரண்டாவது பகா எண்ணான 293-இல் கணக்கு மீதியில்லாமல் முடிந்தது. ஈவு 3413. அதற்குள் இருபது நிமிடம் போயிருந்தது. கடைசி ஐந்து கேள்விகளைப் படிக்கவே நேரமில்லை.

“ஒரு நம்பரோட பூர்வீகத்தை விசாரிக்கவா போன?” என்றான் அன்று மாலை வீட்டில் அண்ணன். “அஞ்சு கேள்வி போச்சேடி!”

“இது ஒண்ணு நிச்சயம்ண்ணா.”

மே மாதம் விடைகளும் தேர்வானவர்கள் பட்டியலும் வெளியாயின. எழுபத்து நான்குக்கு விடை: 10,00,009. அதாவது, அது பகா எண்ணாம். பட்டியலில் கடைசி இடத்துக்கு 113. அவளுக்கு 112.

தேர்வு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். “எங்க நிபுணர் நூறு வரைக்கும் வகுத்துப் பாத்திருக்காரும்மா.”

“ஆயிரம் வரைக்கும் பாக்கணும் சார். ஆயிரத்தை ஆயிரத்தால பெருக்கினாத்தானே பத்து லட்சம்?”

அவர் கால்குலேட்டரில் 293-ஐ 3413-ஆல் பெருக்கினார். அழித்துவிட்டு மறுபடி பெருக்கினார்.

“மெஷின்ல வருதே.”

“பேப்பர்லயும் வரும் சார்.”

“சரி, கேள்வி தப்புன்னு எழுதிக் குடுங்க.”

“கேள்வி சரிதான் சார். விடைதான் தப்பு.”

“அதுக்கு ஃபாரம் கெடையாதும்மா. 'பிழையான கேள்வி'ன்னு ஒண்ணுதான் இருக்கு. போட்டா இதுல போடுங்க, இல்லேன்னா விட்டுடுங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

அவள் அந்தப் படிவத்தையே நிரப்பினாள். காரணம் எழுத விட்டிருந்த ஒற்றை வரியில் 293 × 3413 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் 20 அன்று அறிவிப்பு வந்தது. எழுபத்து நான்காவது கேள்வி பிழையானது. அதற்கு மதிப்பெண் பெறாத அனைவருக்கும், எழுதாமல் விட்டவர்கள் உட்பட, ஒரு மதிப்பெண் வழங்கப்படும்.

அண்ணன் போனில் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். “எல்லாருக்கும் ஏறியிருக்கு,” என்றான்.

திருத்திய பட்டியலில் கடைசி இடத்துக்கு 114. அவளுக்கு 113.