சின்னதாப் போதும்

அது பெரிய கார் எஞ்சின், கம்ப்ரஷனும் அதிகம். சூப்பர்சார்ஜர் அதற்குள் காற்றை லேசாக ஊதினால் போதும், அந்தக் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், கூடினால் பிஸ்டன் தாங்காது. அதனால்தான் மெக்கானிக் வெளியூர் போகுமுன், பட்டறையில் கூட்டாளியான தங்கை புருஷனிடம், "பூஸ்ட் சின்னதாப் போதும் மாப்பிள்ளை" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

திரும்பி வந்து பார்த்தால், பிஸ்டனில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை.

"சூப்பர்சார்ஜர் பெல்ட்டுக்கு எந்தப் புல்லி மாட்டினீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான் மச்சான். இருக்கறதுலயே சின்னது."

புல்லி சிறுத்தால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், காற்றை இன்னும் திணிக்கும். பட்டறை வாசலில் படுத்திருக்கிற நாய்க்குக்கூட இது தெரியும்.

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து, தானே புல்லியைக் கழற்ற ஆரம்பித்தார். தங்கைக்கு வரன் பார்த்தபோது, "மூளை சின்னதா இருந்தாலும் பரவால்ல, சொன்னதைக் கேட்டாப் போதும்" என்றவர் அவரேதான்.