ஐந்து பேர் போதும்

கல்லூரி அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டிய அன்று ஃபெபா அதை மூன்று முறை படித்தாள். கலாச்சாரப் பரிமாற்றப் பயணம், தாய்லாந்து, பன்னிரண்டு நாள். பாங்காக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் விருந்தினராகத் தங்கி, நம் ஆட்டத்தை அவர்களுக்குக் காட்டிவிட்டு, அவர்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

கல்லூரி ஒயிலாட்டக் குழுவை முன்னால் நின்று நடத்துபவள் அவள்தான். பி.காம். மூன்றாம் வருஷம். அப்பா ஜேம்ஸுக்கு ஓசூர் சிப்காட்டில் இரும்பு வார்க்கிற கம்பெனி ஒன்றில் வேலை. வீடு மூக்கண்டப்பள்ளியில். அந்த வீட்டிலிருந்து விமானம் ஏறியவர் யாரும் இல்லை.

பயணத்தை ஏற்பாடு செய்தவர் ஆஸ்டின் என்று ஒருவர். பெங்களூரில் ஏஜென்சி வைத்திருப்பதாகச் சொன்னார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை. எதற்கும் அவசரப்படாத ஆள். கல்லூரிக்காரர்கள் அவருக்குக் கருத்தரங்கு அறையைக் கொடுத்தார்கள், அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தேர்வு நாளில் ஆட்டம் ஆடிக் காட்டச் சொல்வார் என்று நினைத்து ஃபெபா காலில் சலங்கையோடு போய் நின்றாள்.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்மா, உக்காரு" என்றார் ஆஸ்டின். மேஜை மேல் மடிக்கணினி இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஆங்கிலப் பத்தியைத் தட்டச்சு செய்யச் சொன்னார். பிறகு, "என்னென்ன பாஷை வரும்?" என்று கேட்டார்.

"தமிழ், இங்கிலீஷ். தெலுங்கு புரியும் சார், கொஞ்சம் பேசுவேன்."

"நல்லது. நீ ஒரு பெரியவருக்கு ஃபோன் பண்றேன்னு வச்சுக்க. அவர் ரொம்பப் பயந்துபோயிருக்கார். அவரை சமாதானப்படுத்திப் பேசு பாக்கலாம்."

"எதுக்கு சார் பயந்திருக்கார்?"

ஆஸ்டின் சிரித்தார். "அது எதுவா இருந்தா என்னம்மா? நீ பேசு."

அவள் பேசினாள். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

எட்டுப் பேரின் பெயர் வந்தபோது குழுவே திகைத்தது. மூன்று வருஷமாக ஆடுகிற இரண்டு பெண்களின் பெயர் இல்லை. ஆட்டத்துக்கே வராத மூன்று பேரின் பெயர் இருந்தது. அதில் ஒருவன் தினேஷ்குமார். அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமம். அப்பா கரியப்பனுக்கு மாடும் கொஞ்சம் ராகிக் காடும்தான். தினேஷ் ஓசூரில் விடுதியில் தங்கிப் படித்தான். அவன் பேசினால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கைகோத்துக்கொண்டு வரும். வகுப்பில் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்காதவர்கள் குறைவு.

"உனக்கு ஒயிலாட்டத்துல ஒரு அடி தெரியுமாடா?" என்று ஃபெபா கேட்டாள்.

"தெரியாது. நான் கன்னடத்துல பேசிக் காட்டினேன். 'பயப்படாதீங்க தாத்தா, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டேன். ஆஸ்டின் சார் எழுந்திருச்சு வந்து கை குடுத்தார், ஃபெபா. எங்கூர்ல இருந்து ஓசூருக்கு வர்றதுக்கே பஸ் இல்லாம நின்ன ஆளு நான். எனக்குக் கை குடுத்தார்."

ஃபெபாவும் அவனுக்குக் கை கொடுத்தாள்.

அடுத்த ஒரு மாதத்தில் ஒருநாள்கூடப் பயிற்சி நடக்கவில்லை. கேட்டால், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஆஸ்டின். ஆட்டத்துணி, சலங்கை எதுவும் எடுத்துவர வேண்டாம், எல்லாம் அங்கே தருவார்கள் என்றார். பாஸ்போர்ட்டுகளை விசாவுக்கென்று வாங்கிக்கொண்டு போனார். அவை திரும்பி வரவில்லை. ஏர்போர்ட்டில் தருவேன் என்றார்.

"தாய்லாந்துக்காரன்கிட்ட ஒயிலாட்டத் துணி எப்படிம்மா இருக்கும்?" என்று ஜேம்ஸ் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். கேட்டுவிட்டு அவரே, "பெரிய யுனிவர்சிட்டி. வச்சிருப்பாங்களோ என்னமோ" என்று சொல்லிக்கொண்டார். மகள் போகிற சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. அவளுக்கும் இல்லை.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு ஃபெபா ஒரு காரியம் செய்தாள். அதுவும் சந்தேகத்தில் செய்ததல்ல. ஒயிலாட்டம் வரிசை கட்டி ஆடுவது. எட்டுப் பேர் வரிசையாக நிற்க மேடை எவ்வளவு நீளம் இருக்கும், பாட்டுப் போட ஒலிபெருக்கி இருக்குமா என்று கேட்டு, ஆஸ்டினின் ஏஜென்சி பெயரையும் குறிப்பிட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இருந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்.

கிளம்பிய நாள் வெயில் கொளுத்தியது. பகல் ஒரு மணிக்கு வேன் கல்லூரி வாசலில் வந்து நின்றது. ஜேம்ஸ் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கரியப்பன் விடியற்காலையில் கிளம்பி, மூன்று பஸ் மாறி, மகனுக்கு ராகி உருண்டையும் கொள்ளுத் துவையலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆஸ்டின் அதை வாங்கிப் பார்த்து, "ஏர்போர்ட்ல விடமாட்டாங்க ஐயா" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். தினேஷ் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். பிறகு ஏறினான்.

ஜூஜுவாடி தாண்டும்போது வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. டிரைவர் என்ஜினை அணைத்தார். வேனுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரோஷன் என்ற பையன் எல்லோரையும் சேர்த்து செல்ஃபி எடுத்தான். அப்போதுதான் ஃபெபாவின் ஃபோன் அதிர்ந்தது.

ஆங்கிலத்தில் நான்கே வரி. உங்கள் கடிதத்துக்கு நன்றி. எங்கள் பல்கலைக்கழகம் அப்படி எந்தக் குழுவையும் அழைக்கவில்லை. நீங்கள் சொல்லும் ஏஜென்சியை எங்களுக்குத் தெரியாது. தயவுசெய்து பயணம் செய்வதற்கு முன் உங்கள் தூதரகத்தைக் கேளுங்கள்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஃபோனைப் பக்கத்தில் இருந்த நிர்மலாவிடம் காட்டினாள். நிர்மலா படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இருந்த தினேஷ் எட்டிப் பார்த்தான்.

ஃபெபா எழுந்து முன் சீட்டுக்குப் போனாள். "சார், யுனிவர்சிட்டில இருந்து மெயில் வந்திருக்கு. நாம வர்றது அவங்களுக்குத் தெரியாதாம்."

ஆஸ்டின் ஃபோனை வாங்கிப் படித்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "இது வேற டிபார்ட்மென்ட்மா. பெரிய இடம், ஒருத்தர் பண்றது ஒருத்தருக்குத் தெரியாது."

"அப்ப நம்மளைக் கூப்பிட்டவங்க நம்பர் குடுங்க சார், நான் பேசறேன்."

"இப்ப அங்க ஆபீஸ் முடிஞ்சிருக்கும்."

"அங்க மணி நாலுகூட ஆகல சார்."

அவர் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. "பயமா இருந்தா இறங்கிக்கம்மா. யாரையும் கட்டாயப்படுத்தல" என்றார். "வேற யாருக்காவது பயமா இருக்கா? இப்பவே இறங்கிக்கலாம்."

டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். அந்தத் திறந்த கதவுதான் எல்லோரையும் குழப்பியது. ஏமாற்றுகிறவன் கதவைத் திறந்துவிடுவானா என்று ரோஷன் கேட்டான்.

ஃபெபா பையை எடுத்தாள். நிர்மலாவும் தர்ஷினி என்ற முதலாண்டுப் பெண்ணும் அவளோடு எழுந்தார்கள். தினேஷின் சீட்டருகே அவள் நின்றாள்.

"வாடா. இது சரியில்லை."

"எல்லாரும் என் பேச்சைக் கேட்டுச் சிரிச்சாங்க ஃபெபா. நீயும்தான் சிரிச்சிருக்க. மொதல் தடவையா அந்தப் பேச்சுக்காக ஒருத்தர் என்னை எடுத்திருக்கார்." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "போயிட்டு வந்து சொல்றேன். நீ போ."

மூவரும் சாலையோரம் இறங்கி நின்றார்கள். வண்டிகள் நகரத் தொடங்கின. கதவு மூடுவதற்கு முன் ஆஸ்டின் ஃபோனில் யாரிடமோ பேசுவது கேட்டது. தெலுங்கில், சாவகாசமாக. "ஐது மந்தி சாலு" என்றார். ஐந்து பேர் போதும்.

ஃபெபா வேன் பின்னால் ஓடினாள். கத்தினாள். லாரி ஹாரன்களில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அன்று மாலையே ஜேம்ஸ் அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். "பதினெட்டு வயசு தாண்டினவங்க, விசா வாங்கிட்டு அவங்களா போறாங்க. இன்னும் எதுவும் நடக்கலையேம்மா" என்றார் அங்கிருந்தவர். மனுவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். விமானம் ஏறியாகிவிட்டது. இரண்டு நாள் குழு வாட்ஸப்பில் படங்கள் வந்தன: ஒரு கோயில், ஒரு படகு, ஐந்து பேரின் சிரிப்பு. ரோஷன், "இறங்கினவங்க பாவம்" என்று எழுதியிருந்தான். மூன்றாம் நாள் ஐந்து ஃபோன்களும் அணைந்தன. ஆஸ்டினுடைய ஃபோனும்.

பன்னிரண்டாம் நாள் யாரும் திரும்பவில்லை. கல்லூரி, இது தங்கள் பயணமே அல்ல என்று கடிதம் கொடுத்தது.

கரியப்பன் மூக்கண்டப்பள்ளிக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"நீ எறங்கிட்டியே கண்ணு" என்றார். "அவன் கையைப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்திருக்கலாமில்ல?"

ஃபெபாவின் அம்மா சூசைமேரி குறுக்கே வந்து, "அவ சின்னப் பொண்ணுங்க, என்ன பண்ணுவா" என்றாள். கரியப்பன் தலையாட்டினார். திட்ட வந்தவர்போல் இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும் என்று அவ்வளவு தூரம் வந்தவர்போல் இருந்தார். அதன்பின் பல நாள் ஃபெபா அந்த வேனுக்குள்ளேயே இருந்தாள். சாப்பிடும்போது, பஸ்ஸில், தேவாலயத்தில் முழந்தாளிட்டிருக்கும்போது, தினேஷின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தபோது முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வணக்கம் மேடம். நாங்க கூரியர் ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க பேர்ல ஒரு பார்சல் நின்னுகிட்டு இருக்கு."

அது தினேஷின் குரல். தமிழ் சுத்தமாக இருந்தது. ஒரு கன்னடச் சொல் இல்லை, ஒரு தெலுங்குச் சொல் இல்லை. அவனுக்குப் பின்னால் நூறு பேர் பேசுகிற இரைச்சல். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போனாள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ன பார்சல்?" என்றாள்.

"மொத்தம் அஞ்சு மேடம். எல்லை தாண்டி, ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. நீலக் கூரை கட்டடம். நாலாவது மாடி."

"அஞ்சும் நல்லா இருக்குதா?"

அவனுக்குப் பின்னால் யாரோ நடந்து கடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

"நாலு நல்லா இருக்கு. ஒண்ணு டேமேஜ் மேடம். மேல இருந்து விழுந்துடுச்சு."

"நான் எப்படி வாங்கறது?"

"நீங்க வந்து வாங்க முடியாது. ஆபீஸ்ல எழுதிக் குடுங்க மேடம். சீக்கிரம் குடுங்க. எங்களை வேற குடோனுக்கு" என்று சொல்லும்போதே ஏதோ மோதுகிற சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

அவள் ஃபோனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். ஜேம்ஸ் அந்தப் பதிவோடு அவளையும் கரியப்பனையும் கிருஷ்ணகிரிக்கு, சைபர் கிரைம் பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெண் இன்ஸ்பெக்டர் அதை நான்கு முறை கேட்டார். 'மேல இருந்து விழுந்துடுச்சு' என்ற இடம் வரும்போதெல்லாம் கரியப்பன் வெளியே போய் நின்றார். விழுந்தது தன் மகன் இல்லை என்று தெரிந்தும் அவரால் உட்கார முடியவில்லை.

அதன்பின் கடிதங்கள் போயின. தூதரகம் பேசியது. நாலரை மாதம் கழித்து, தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டின் ராணுவம் கட்டடத்தைச் சுற்றி வளைத்து வெளியேற்றியவர்களில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். ரோஷன் இரண்டு ஊன்றுகோலோடு வந்தான். சுப்ரியா என்ற பெண் மட்டும் வரவில்லை. சோதனைக்கு முந்தின வாரம் அவளை வேறு இடத்துக்கு வேனில் ஏற்றினார்கள் என்பதோடு அவளைப் பற்றிய செய்தி முடிகிறது. ஆஸ்டின் என்ற பெயரில் பெங்களூரில் யாரும் இல்லை.

தினேஷ் மெலிந்திருந்தான். ஃபெபா அஞ்செட்டிக்குப் போய்ப் பார்த்தபோது அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு நாளைக்கு முந்நூறு நம்பர்" என்றான். "காலைல கர்நாடகா, மதியானம் ஆந்திரா, சாயங்காலம் நம்ம ஊரு. உங்க பார்சல்ல கஞ்சா இருக்குன்னு போலீஸ் மாதிரி ஒருத்தன் மிரட்டுவான். பயந்த குரல் கிடைச்சா நான் சமாதானம் சொல்லணும். அப்பறம் லைனை அடுத்த ஆளுக்கு மாத்திவிடணும். பணம் கேக்கறது அவங்க. என் வேலை அழறவங்களை அழாம வச்சிருக்கறது மட்டும். அதுல நான்தான் அங்க முதல்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "நல்லா வந்துச்சு ஃபெபா. அதான் தாங்க முடியல."

அடுத்த மாதம் மாலூரிலிருந்து கர்நாடக போலீஸ் வந்து அவனை அழைத்துப் போனார்கள். ராமப்பா என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அத்தனை சேமிப்பையும் இழந்திருந்தார். அவரும் ஓர் அழைப்பைப் பதிவு செய்திருந்தார்.

ஃபெபா சாட்சி சொல்லப் போனாள். ஜேம்ஸும் கரியப்பனும் உடன் போனார்கள். காவல் நிலையத்தில் ராமப்பா பெஞ்சில் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். மெல்லிய உடம்பு, கையில் துணிப்பை. தினேஷை எதிரே நிறுத்தினார்கள்.

"பேசு" என்றார் இன்ஸ்பெக்டர்.

தினேஷ் தரையைப் பார்த்தான். மறுபடியும் சொன்னார்கள். அவன் கன்னடத்தில், "பயப்படாதீங்க தாத்தா. சாப்பிட்டீங்களா?" என்றான்.

ராமப்பா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தலையை அசைத்தார். "இவன்தான்."

ஃபெபா எல்லாவற்றையும் சொன்னாள். தட்டச்சுப் பரீட்சையை, மின்னஞ்சலை, வேனை. அந்தப் பார்சல் பதிவை மேஜை மேல் வைத்து ஓடவிட்டாள். தமிழ் ராமப்பாவுக்குப் புரிந்தது. கேட்டு முடித்த பிறகும் அவர் புகாரைத் திரும்பப் பெறவில்லை. யாரும் அவரிடம் அதைக் கேட்கவும் இல்லை. எழுந்து போகும்போது தினேஷ் முன்னால் நின்றார்.

"அன்னைக்கு நான் சாப்பிடல" என்று கன்னடத்தில் சொன்னார். "என் பையன் ஃபோன் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. நீ கேட்டே. அதனாலதான் நான் லைனை வைக்கல."

தினேஷ் அவர் காலில் விழப் போனான். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

பதினோரு நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது. வழக்கு நடக்கிறது. தினேஷ் இப்போது கெலமங்கலம் சாலையில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறான். தகடு வெட்டுகிற சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. திங்கட்கிழமைதோறும் மாலூர் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போகிற வழியில் சில நாள் ஃபெபாவும் அந்த பஸ்ஸில் ஏறிக்கொள்வாள். இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மாலூர் வரும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் போவார்கள்.