முத்திரை விழாத மனு

சமாதான அலுவலகத்தில் அவளை ‘சீல் அக்கா’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வருகிற மனுவில் தேதி முத்திரை குத்துவது அவள் வேலை. குத்திவிட்டால், மறுநாளைக்குள் அதிகாரி நேரில் போய் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியே ஆக வேண்டும். அடிதடிக்கு முன்பே தடுக்கத்தானே இத்தனை பயிற்சி, புது ஜீப், சுவர் நிறையச் சான்றிதழ்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு மனு வந்தது. குழாயடித் தகராறு முற்றிப்போய் இரண்டு தெருவிலும் கம்பு, கட்டை சேர்த்துவைத்திருக்கிறார்கள், யாராவது வந்து பேசினால் அடங்கிவிடும் என்று இரு தெருக்காரர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது கையெழுத்து அவளுடைய தம்பியுடையது. 

அதிகாரியிடம் ஓடினாள். அவருக்கோ தலைக்கு மேல் வேலை. வியாழக்கிழமை தலைமையகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். ‘தகராறே இல்லாத வட்டாரம்’ என்று பலகைகூட எழுதியாகிவிட்டது.

“இப்ப குத்தினா நான் போயே ஆகணும்மா. வெள்ளிக்கிழமை குத்திக்கலாம். மூணு நாள்ல குடியா முழுகிடப் போகுது?” என்றார்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவளுடைய பதவி உயர்வுக் கோப்பு அதே மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு வந்து மனுவை இழுப்பறைக்குள் போட்டாள். தம்பிக்குப் போன் போட்டு, ஜாக்கிரதையாக இருடா என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி. சொன்னால் மனு வந்தது தெரிந்துவிடுமே என்று அதையும் செய்யவில்லை.

ஆய்வு அமர்க்களமாக நடந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதே நேரம் குழாயடியில் கம்பு சுழன்றது. விலக்கிவிடப் போன தம்பியின் முகத்தில்தான் முதல் அடி விழுந்தது.

இடது கண் போனது போனதுதான் என்று ஆஸ்பத்திரியில் மருத்துவர் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அக்கா வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் தம்பி துழாவி அவள் கையைப் பிடித்தான்.

“அக்கா, உங்க ஆபீசுக்கு ஒரு மனு போட்டோமே, வந்து சேரலியா?”

“வரலடா” என்றாள்.

“நெனச்சேன்க்கா. வந்திருந்தா நீ சும்மாவா இருந்திருப்பே” என்றான். பிடித்த கையை அவன் விடவில்லை.