பெர்ட்டோல்டின் மூன்று மரங்கள்

எங்கள் சரிவில் ஒருமுறையாவது கூடை சுமந்து ஏறாதவனுக்கு மோசெல் ஆற்றங்கரை ஒயினைப் பற்றிப் பேச வாய் கிடையாது என்பது என் கட்சி. அப்படியொரு செங்குத்து. தெற்கே பார்த்த மலை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இருட்டிய பிறகும் சூடு விடுகிற சிலேட்டுக் கல். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எங்கள் குளிருக்குத் திராட்சை பழுக்காது, புளிக்கத்தான் செய்யும்.

மேல் பாதி எனக்குக் கவலை தந்ததே இல்லை. கீழ்ப் பாதியில்தான் வம்பு. இரண்டு வருடமாக மே மாதத்து உறைபனி அங்கே தளிரைக் கருக்கிவிட்டது. நிலம் எனக்கும் தம்பி ஏவால்டுக்கும் பொது. அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, இந்த மே மாசமும் கருகிச்சுன்னா கீழ்ப் பாதியைப் பிடுங்கிட்டு சுற்றுலாக்காரங்க கேரவான் நிறுத்த விட்டுடலாம். லீவுக்கு வர்ற டச்சுக்காரன் பனியில கருக மாட்டான்."

"கருகினா விட்டுடுறேன், போ" என்றேன். ரோஷத்தில் வாயை விட்டுவிட்டு அன்றிரவு தூங்கவில்லை.

சரிவின் அடியில் ஆற்றோரப் புல்வெளிக்கு முன்னால் ஊசியிலை மரங்கள் வரிசையாக நிற்கும். ஆற்றுக் காற்று தளிரை வாட்டுகிறதென்று ஒன்பது வருடத்துக்கு முன் நானும் என் கணவர் பெர்ட்டோல்டும் நட்டவை. யோசனை என்னுடையது. மொத்தம் நாற்பத்து மூன்று. நாற்பதை நான் நட்டேன். அவருக்கு அப்போதே மூச்சு வாங்கும்; கிழக்கு மூலையில் மூன்றை மட்டும், உட்கார்ந்து உட்கார்ந்து, தன் கையாலேயே நட்டார். அந்த வருடமே போய்விட்டார். மரங்கள் என் தலைக்கு மேல் வளர்ந்து சுவராக அடைத்துக்கொண்டன. தளிர் கருகியபோதெல்லாம், வரிசையை இன்னும் அடர்த்தியாக்க வேண்டும் என்றுதான் எனக்குப் புத்தி போனது.

மே பத்தாம் தேதி சாயங்காலம், பட்டுப்போன கொடிக்கட்டைகளை மேலே குவித்து எரித்தேன். காற்று அசையவில்லை. புகை வானத்துக்குப் போகாமல் தரையோடு தரையாகச் சரிவில் இறங்கியது. மரவரிசையை எட்டியதும் நின்றது. நின்று, கீழ் வரிசைகளில் இடுப்பளவுக்குத் தேங்கியது. எந்தக் கொடிகள் இரண்டு வருடமாகக் கருகினவோ, சரியாக அந்தக் கொடிகள் வரைக்கும்.

குளிர்காற்றும் கனமானது, அதுவும் பள்ளம் பார்த்துத்தான் இறங்கும். இது எனக்குத் தெரியாதா? இந்த மலையில் பிறந்தவள் நான். ஆற்றுக் காற்றை மறிக்கிறேன் என்று குளிருக்கு அணை கட்டி வைத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பன்னிரண்டாம் தேதி பங்கிராத்தியுஸ் திருநாள். அடுத்தடுத்து செர்வாத்தியுஸ், போனிஃபாத்தியுஸ், கடைசியில் குளிர் சோஃபி. இந்தப் பனிப் புனிதர்கள் நாலு பேரும் தாண்டிப் போகாமல் எங்கள் ஊரில் தக்காளி நாற்றைக்கூட வெளியே வைக்க மாட்டார்கள். கையில் இருந்தது ஒரே ஒரு பகல்.

விடிந்ததும் ஏவால்டிடம் போய் மோட்டார் ரம்பம் கேட்டேன்.

"எதுக்கு?"

"கீழ மரத்தையெல்லாம் வெட்ட. குளிரை அதுதான்டா தேக்கி வைக்குது."

சிரித்து மாய்ந்தான். "அன்னைக்கே வேணாம்னேன். நான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நின்னே. கடைசியில வேலியே பயிரை மேஞ்சிருக்கு!"

"மேஞ்சுதுதான். சிரிச்சு முடிச்சிட்டு வந்து கிளைய இழுத்துப் போடு."

வந்தான். வழியெல்லாம் கேலி செய்தான், ஆனால் மாடாக உழைத்தான். சாயங்காலத்துக்குள் நாற்பது மரம் சாய்ந்துவிட்டது. கிழக்கு மூலைக்கு வந்ததும் ரம்பத்தை அணைத்தேன்.

"மூலைதானே. மூணு மரம் என்ன பண்ணிடும்" என்றேன். ஏவால்டு என் முகத்தைப் பார்க்காமல் கிளைகளை அடுக்கினான்.

மறுநாள் விடியற்காலை புல்வெளி முழுக்க வெள்ளை. ஓட்டமும் நடையுமாகப் போனேன். கீழ் வரிசைகள் பச்சை! ஒவ்வொரு தளிராகத் தொட்டுக்கொண்டே கிழக்கே நடந்தேன். மூன்று மரத்துக்கு நேர் மேலே பதினொரு கொடிகளில் தளிர் வேகவைத்த கீரையாகத் தொங்கியது.

பின்னாலேயே வந்த ஏவால்டு இந்த முறை கேலி செய்யவில்லை. "நீ ஜெயிச்சுட்டேக்கா. கேரவான்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பதினொண்ணுதானே, போகட்டும். மரம் அத்தான் வெச்சது."

எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. கருகிய தளிருக்கு அடியில் இன்னொரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். அதுவும் போனால் இந்த வருடம் அந்தக் கொடியில் ஒன்றுமில்லை.

"இன்னும் மூணு புனிதர் பாக்கி இருக்காங்கடா. இந்தப் பதினொரு கொடியையும் அவருதான் வெச்சாரு."

முந்தின நாள் மூலையிலேயே விட்டிருந்த ரம்பத்தை எடுத்தேன். முதல் மரம், இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் ஆற்றைப் பார்த்து விழுந்தன. ரம்பத்தை அணைத்துவிட்டு நின்றபோது, குளிர் என் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு புல்வெளிப் பக்கம் இறங்கிப் போனது.