வெள்ளச்சியின் தலைச்சன் ஈத்து

வெள்ளச்சி தன் வயிற்று ரோமத்தைப் பிய்த்துப் பெட்டிக்குள் மெத்தை போட்டிருந்தாள். அந்த முயலுக்கு அது தலைச்சன் ஈத்து. குட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்த பிலோமெனா, தம்பி விஸ்தினிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். திருவிழா வேட்டுகளை வீட்டுக்குப் பின்னால் போடாமல் தூரத்து வயலில் போட வேண்டும், தாய் மிரண்டால் குட்டிகளை மிதித்தே கொன்றுவிடும் என்றாள். ஊர் வேட்டுக்காரனான விஸ்தின் பெரிய மனிதனைப் போலத் தலையாட்டினான்.

கோசோத் தீவில் வேட்டு இல்லாமல் எந்தப் புனிதருக்கும் திருவிழா விடியாது. அன்று அவன் எழுந்ததே தாமதம். வேட்டுப் போடும் இரும்புக் குழாய்களோ பிணக்கனம் கனத்தன. வயல்வரை யார் சுமப்பது என்று பின்சுவரோரமே நட்டுப் பற்றவைத்தான். அக்கா கோயிலில் பூசையில் இருந்தாள். மணியும் வேட்டும் சேர்ந்து அடித்த அமர்க்களத்தில் எது எங்கே வெடித்தது என்று அங்கே யாருக்குத் தெரியும்?

அவள் வந்து பார்த்தபோது குட்டிகள் நசுங்கிக் கிடந்தன. இரண்டு மட்டும் நெளிந்தன. பக்கத்துக் கூண்டில், பல திருவிழா வேட்டுக்குப் பழகிப்போன கிழட்டு முயல் சாம்பலியும் அப்போதுதான் ஈன்றிருந்தது. வாசனையில் வித்தியாசம் தெரியாமலிருக்க அதன் மூக்கில் சோம்புச் சாராயத்தைத் தடவி, இரண்டையும் அதன் குட்டிகளுக்கு நடுவே செருகினாள்.

"தூரத்து வயல்லதானடா போட்ட?"

"ஆமாக்கா."

"அப்ப இவதான் கொலைகாரி. ஞாயித்துக்கெழம சட்டியில போட்டுர்றேன்."

ஊரே காது பொத்தும்படி வெடி வெடிக்கிற ஆளுக்கு அக்காவின் வாய் என்றால் அத்தனை பயம். ஒரு வார்த்தையில் ஓர் உயிர் பிழைத்திருக்கும்.

ஞாயிறன்று பூண்டும் ஒயினும் மணக்க மணக்கக் கறி வெந்தது. சிறுநீரகத்தை வழக்கம்போலத் தம்பியின் தட்டில் வைத்தாள். தனக்கு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

"தோலை உரிக்கையில பாத்தேன்டா. மடியெல்லாம் பால் கட்டிக் கெடந்துச்சு. கொல்ற தாய்க்கு எதுக்குடா அவ்வளவு பாலு? நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஆறிப்போகிறது, சாப்பிடு என்றான் விஸ்தின். அந்தத் துண்டை மெல்லாமல் விழுங்கினான். தன் பாவத்தை அக்கா தூக்கிச் சுமக்கிறாள் என்பது அவன் நெஞ்சை அறுத்தது.

அதன்பின் அவனாகவே விடிகாலையில் மாடியேறினான். சாம்பலி பால் கொடுத்துவிட்டுப் போனதும், அந்த இரண்டு குட்டிகளின் வயிறும் உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். கண் திறந்தன. ரோமம் மூடியது. பெட்டியை விட்டுத் துள்ளி வந்து, அவன் அறுத்துப்போட்ட புல்லைக் கொறித்தன. முயல் பக்கமே போகாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று பிலோமெனா கேலி செய்தாள்.

குட்டிகள் பால் மறந்ததும் சாம்பலியிடமிருந்து பிரித்தார்கள். இரண்டில் ஒன்று பெட்டை, அச்சு அசல் வெள்ளச்சி. பிலோமெனா அதை வெள்ளச்சியின் காலிக் கூண்டில் விட்டாள்.

"இவ மேல கத்தி வைக்க மாட்டேன். இவ ஆத்தாளுக்கு நான் செஞ்சது போதும். அடுத்த திருவிழாவுக்கு இவளும் குட்டி போட்டுருவா. நீ இந்தத் தடவ மாதிரியே தூரத்துலயே போட்டுக்கடா. இந்த வீட்டுல சொன்ன சொல்லக் காப்பாத்துனது நீ ஒருத்தன்தான்."

விஸ்தின் தலையாட்டினான், அன்றைக்கு ஆட்டியதைப் போலவே.