குரைப்பது ஒன்று, இழுப்பது ஒன்று

என் வீட்டுக்காரருக்குக் காதுக்காரர் என்று பட்டப்பெயர். ரம்பத்துக்குச் சாணை பிடிப்பது அவர் தொழில். தச்சர்கள் கொண்டுவரும் தகட்டைத் தொங்கவிட்டு விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். கண்ணுக்கே தெரியாத விரிசல் என்றாலும் அந்த ஓசையிலேயே கண்டுபிடித்துவிடுவார். எங்களுக்கு வந்த வேலையில் பாதி அந்தக் காதுக்காக வந்ததுதான்.

என் பாடு வேறு. எனக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை சட்டென்று இறங்கினால் கால் துவண்டு விழுந்துவிடுவேன். நினைவு இருக்கும், கண் தெரியும், காது கேட்கும், குரல் மட்டும் எழாது. ஒருமுறை அப்படி விழுந்தபோது அவர் அடுத்த அறையில் சாணை மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். பசித்து உள்ளே வந்தபோதுதான் என்னைப் பார்த்தார். அதன் பிறகு வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மெஷின் ஓடலாம். நான் அடுப்படிக்குப் போய்விட்டால் மெஷினை நிறுத்திவிட்டு அரத்தால்தான் தீட்ட வேண்டும். அரம் சன்னமாகத்தான் கிறீச்சிடும், பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால்கூடக் கேட்கும். இந்த ஏற்பாட்டை அவர் ஒருநாளும் மீறியதில்லை. இந்த ஒன்றுக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம் என்று நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

நாய் யோசனை மகளுடையது. "கீழ விழுந்தா உனக்குக் குரல் வராதுல்லம்மா, உனக்குப் பதிலா அது கத்தட்டும்," என்றாள் போனில். அப்பாவிடம் கொடு என்றாள். இவர் வழக்கம்போல் நீட்டிய போனைத் தள்ளிவிட்டு, "உன் பொண்ணு, நீயே பேசு," என்றார்.

நாய் வளர்த்து விற்கும் அம்மாள் வீட்டுக் கொல்லையில் இரண்டு இருந்தன. ஒன்று பொமரேனியன், இன்னொன்று ஜாக் ரஸ்ஸல். "ரெண்டும் சின்ன ஜாதிதான். ஆனா ரெண்டுக்கும் ரோஷம் ஜாஸ்தி," என்றார் அந்த அம்மாள். "நீங்க மயங்கி விழுந்த மாதிரி படுங்க. எது என்ன செய்யுதுன்னு நீங்களே பாருங்க."

இந்த வயதில் இந்தக் கூத்து வேறு. படுத்தேன். முதலில் பொமரேனியனை அவிழ்த்துவிட்டார். அது என் தலைமாட்டில் நின்று கொல்லையே அதிரக் குரைத்தது. இவர் மறுபக்கம் திரும்பிக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது ஜாக் ரஸ்ஸல். மூச்சுக் காட்டவில்லை. என்னை ஒருதரம் முகர்ந்துவிட்டு நேராக இவரிடம் பாய்ந்தது, பேன்ட்டைக் கவ்வி என் பக்கமாக இழுத்தது. இவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பேன்ட் முழங்காலுக்குக் கீழே கிழிந்துவிட்டது.

"இதையே எடுத்துக்கலாம்," என்றார்.

"எதுக்கு? மிச்சம் இருக்கிற பேன்ட்டையும் கிழிக்கவா?"

"இது வந்து கூப்பிடுது பாரு."

"அதுவும்தாங்க கூப்பிடுது. தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"அதுக்கு முடி கொட்டும்."

இரும்புத் தூளிலேயே குளித்து எழுகிற மனுஷன் நாய் முடியைப் பற்றிப் பேசுகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பிடித்த பிடியை விடவும் இல்லை. "கத்துறதை நம்பாதே," என்றார் கடைசியில். ஏன் என்று கேட்டேன். வாயைத் திறந்தார், நாய்க்கார அம்மாளை ஒருதரம் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"சரி, உன் இஷ்டம்," என்றார்.

பொமரேனியன் வந்து சேர்ந்தது. இலை விழுந்தாலும் குரைத்தது, ஈ பறந்தாலும் குரைத்தது. இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கும் பக்கத்து வீட்டு டிரைவருக்குச் சுவரைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். இவர் மட்டும் அதை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்ன பொறுமை என்று நினைத்தேன். கொஞ்ச காலமாகவே என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்தான் பேசுகிறார். போகிற காலத்தில் ஆசை பொங்குகிறது என்று உள்ளூரக் குளிர்ந்துபோனேன். ரம்பத்தைச் சுண்டிய பிறகு விரல் நுனியால் தடவித் தடவிப் பார்ப்பார். தொழிலில் கவனம் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அன்றைக்கு அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கப் போனபோது முழங்கால் துவண்டது. விழும்போது கைக்கு அகப்பட்டது அந்தப் பாத்திரம்தான். தொடையிலிருந்து பாதம்வரை கொதிநீர் கொட்டியது. கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

நாய் வந்துவிட்டது. எதற்காக வாங்கினோமோ அதை ஒரு குறையும் இல்லாமல் செய்தது. தன் உடம்பே தூக்கிப்போட, என் தலைமாட்டில் நின்று குரைத்தது. அரம் நிற்கும் என்று காத்திருந்தேன். நாய் மூச்சு வாங்கும் இடைவெளியில் கிறீச், கிறீச் என்று கேட்டது. மறுபடி குரைப்பு. மறுபடி கிறீச், கிறீச். ஒரே சீராக, அவசரமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சுவர், அதில் திறந்து கிடக்கும் கதவு. புடவை காலோடு ஒட்டிக்கொண்டது. நான் செத்துத் தொலையட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில் ஏதாவது அகப்பட்டிருந்தால் அவர் மண்டையைப் பார்த்து எறிந்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம். நாயின் தொண்டை கம்மத் தொடங்கியது. அப்போதுதான் கொல்லையில் நான் படுத்துக்கிடந்தது ஞாபகத்துக்கு வந்தது. முதல் நாய் குரைத்தபோது அவர் திரும்பவே இல்லை.

பின்கதவு படாரென்று திறந்தது. "மனுஷன் தூங்குறதா வேணாமா? நாயோட வாயை மூடுங்க!" என்று கத்திக்கொண்டே டிரைவர் வந்தார். என்னைப் பார்த்ததும், "அய்யோ, அக்கா!" என்றார். சர்க்கரையைக் கரைத்துப் புகட்டினார், காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். எனக்குக் குரல் திரும்பியது. எரியுது தம்பி, எரியுது என்று அழுதேன். அதற்குப் பிறகும் உள்ளே அரம் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் போய் இவர் தோளைத் தொட்டு இழுத்துக்கொண்டு வந்தார்.

என் காலைப் பார்த்ததும் அரம் கையிலிருந்து விழுந்தது. "மெஷின் ஓடிட்டு இருந்துச்சு," என்றார். சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் மண்டியிட்டார். எப்போதும்போல என் முகத்தையே பார்த்தார்.

நான் குரலே எழுப்பவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன்.

"ஏங்க, உங்களுக்குக் காது கேக்குதா?"

"நல்லாத்தானே கேக்குது," என்றார். "அதுக்கென்ன இப்ப?"

டம்ளரைப் பிடித்திருந்த டிரைவர் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். இவர் முதுகுக்குப் பின்னால் நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது.