பட்டினிக்காரனுக்குப் பந்தி

சினிமாக் கம்பெனி மேனேஜர் முதலில் வந்து கேட்டபோது பொன்மணி முடியாது என்றுதான் சொன்னாள். சினிமாக்காரர்களுக்குப் பொங்கிப்போட மெஸ்ஸைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குள் போய் உட்கார முடியுமா? கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் நடத்திய மெஸ்ஸில் மத்தியானம் உட்கார இடம் கிடைக்காது. மேனேஜர் எழுந்திருக்கும்போது பேச்சோடு பேச்சாக, "நம்ம ஊர்ப் பையன் விஜயராஜ்தான் முக்கியமான வேசம்" என்றார்.

வாசல் வரை போனவரை அவள் திரும்பக் கூப்பிட்டாள்.

"என்னைக்கு வரணும் அண்ணாச்சி?"

விஜயராஜ் ஒருகாலத்தில் பொன்மணியின் தங்கை ஜெயப்பிரியாவுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை. பத்திரிகை அடித்த பிறகு, நடிக்கப் போகிறேன் என்று சென்னைக்கு ஓடிவிட்டான். அதுகூடப் பொன்மணிக்குப் பெரிதாகப் படவில்லை. ஓடுகிறவன் தாலி கட்டுவதற்கு முன்னால் ஓடியது நல்லது என்றுதான் நினைத்தாள். ஜெயப்பிரியாவைக் குளத்தூரில் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குடும்பம் ஒழுங்காகத்தான் ஓடியது.

போன வருசம் விஜயராஜ் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் பேசினான். ஏன் சினிமாவுக்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். "கோவில்பட்டிப் பக்கம் ஜெயப்பிரியான்னு ஒரு பொண்ணு பாத்தாங்க. அவ வச்ச கொழம்ப ஒரு வாய் வச்சேன். அன்னைக்கே மெட்ராஸ் பஸ் ஏறிட்டேன்" என்றான். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அந்தத் துண்டு வீடியோ செல்போன் செல்போனாகக் குளத்தூருக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு விருந்தாள் வந்தால் மாமியார் முதலில் அதைப் போட்டுக் காட்டினாள். புருசன் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "நானும் பஸ் ஏறிறட்டுமா?" என்று கேட்டான். ஒரு தடவை கேட்டால் வேடிக்கை. தினமும் கேட்டான். ஜெயப்பிரியா ஒருநாள் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியேறினாள். இப்போது புதியம்புத்தூரில் தையல் கம்பெனி ஒன்றில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். சமைப்பதில்லை. பார்சல் வாங்கித் தின்கிறாள்.

விஜயராஜ் அந்தக் காலத்தில் ஜெயப்பிரியாவைப் பெண் பார்க்க வந்த நாளில் பொன்மணி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால் அவனுக்கு அவளை அடையாளம் தெரியாது.

மாசிக் கடைசியில் படப்பிடிப்பு தொடங்கியது. இடைசெவலுக்குக் கிழக்கே, அறுத்து முடித்த கம்மங்காட்டில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெள்ளாமை பொய்த்த பஞ்சத்தில் பட்டினி கிடந்து வற்றிப்போகும் சம்சாரியின் கதையாம். அந்தச் சம்சாரிதான் விஜயராஜ். பல மாதம் வயிற்றைக் கட்டி, கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிய வந்திருந்தான். டைரக்டர் முதல் நாளே பொன்மணியிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"அவருக்கு முட்டை வெள்ளைக் கருவும் வெள்ளரிக்காயும் மட்டும்தாம்மா. எண்ணெய், சோறு எதுவும் கூடாது. அந்த உடம்புதான் என் படம்."

பொன்மணி தலையாட்டினாள். அதுவரை குழம்பில் உப்பை அள்ளிப் போடலாமா, வயிற்றைக் கலக்குகிற எதையாவது போடலாமா என்று அவள் மனசு அலைந்துகொண்டிருந்தது. டைரக்டர் வாயால் இதைக் கேட்டதும் அந்த யோசனையெல்லாம் விலகிப்போனது. நன்றாகச் சமைத்தாலே போதும்.

முதல் வேலையாக, வேப்பமரத்து நிழலில் போட்டிருந்த அடுப்பைப் பெயர்த்து, விஜயராஜ் ஓய்வெடுக்கும் கொட்டகைக்கு வாசம் போகிற மாதிரி காற்று வாக்கில் மாற்றிப் போட்டாள். மரம் பூத்து, குழம்புச் சட்டிக்குள் பூ உதிர்கிறது என்று காரணம் சொன்னாள். மறுநாள் நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தை வதக்கி, கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அது கொதித்து வரும்போதே விஜயராஜ் எழுந்து வந்துவிட்டான்.

"யக்கா, என்ன கொழம்பு?"

"ஒங்களுக்கு இல்ல தம்பி. டைரக்டர் வைவாரு."

"ஒரு கரண்டி ஊத்துங்க. நாக்குல வச்சுப் பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம். எனக்கு எதுக்கு வம்பு?"

அவள் மறுக்க மறுக்க அவன் நெருங்கி வந்தான். கடைசியில் சாக்கு மறைப்புக்குப் பின்னால் உட்கார வைத்து, சோற்றில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினாள். அவன் தலை நிமிராமல் தின்றான். டி.வி.யில் பேசிய மெட்ராஸ் பேச்சு குழம்பு வாசத்திலேயே காணாமல் போயிருந்தது.

அப்புறம் தினமும் அவனே வந்தான். நாட்டுக்கோழி, ஆட்டுக்கறி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்கும் உளுந்தங்களி என்று பொன்மணி ஒன்றையும் குறைவு வைக்கவில்லை. சமைந்த பிள்ளைகளுக்கு உடம்பு தேறக் கிண்டிப்போடுகிற களியை அவனுக்குக் கிண்டிப்போட்டாள். "இளைச்சுப் போயிட்டீங்க தம்பி" என்று இன்னும் ஒரு அகப்பை வைத்தாள். அவன் கன்னத்தில் தசை ஏற ஏற அவளுக்குள் ஏதோ குளிர்ந்தது. வீட்டில் ஆடு வளர்த்தபோதுகூட அவள் இவ்வளவு அக்கறையாகத் தீனி போட்டதில்லை.

முதல் சில நாள் அவனை எடுத்த டைரக்டர், அப்புறம் மற்றவர்கள் காட்சிகளை எடுத்துக்கொண்டிருந்தார். சித்திரை பிறந்து வெயில் ஏறிய ஒரு காலையில், படத்தின் முக்கியமான காட்சியை எடுத்தார்கள். வற்றிய கண்மாய்க்குள் சம்சாரி சட்டையைக் கழற்றி வீசிவிட்டு மண்ணில் விழ வேண்டும். மேக்கப்காரர் அவன் நெஞ்சில் கறுப்பு மையால் விலா எலும்பு வரைந்திருந்தார். வெயிலில் மை கரைந்து தொந்தி மேல் ஓடியது. மானிட்டரைப் பார்த்த டைரக்டர் கேமராவை நிறுத்தச் சொன்னார்.

"விலா எலும்பு எங்கய்யா?" என்றார் பிறகு.

விஜயராஜ் வயிற்றை எக்கினான். மூச்சைப் பிடித்து எவ்வளவு நேரம் நிற்க முடியும்? முன்பு எடுத்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று பஞ்சத்து ஆள். இன்னொன்று பஞ்சத்தில் அரிசி பதுக்கியவன். மறுபடி அவன் மெலியும்வரை காத்திருக்க யூனிட்டால் ஆகாது. டைரக்டர் குடைக்கடியில் உட்கார்ந்து கதையை மாற்றினார். சம்சாரி இன்றைக்கே செத்துப்போகிறான். மிச்சக் கதை அவன் தம்பியாக நடிப்பவனுக்கு.

மத்தியானத்துக்குள் சாவுக் காட்சியை எடுத்துவிட்டார்கள். விஜயராஜைப் பாயில் கிடத்தியதும் டைரக்டர் சத்தம் போட்டார்.

"மூஞ்சிய மூடுங்க. பசியில செத்தவன் மூஞ்சி மாதிரியா இருக்கு? கால் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

பொன்மணி கரண்டியைப் பிடித்தபடி கரையில் நின்று அதை முழுக்கப் பார்த்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய விஜயராஜ் அடுப்படிக்கு வந்தான். முகம் செத்திருந்தது.

"நீங்கதான்க்கா என்னையக் கெடுத்தீங்க."

"தட்டை நீட்டுனது நீங்கதானே தம்பி? ஜெயப்பிரியா கொழம்ப ஒரு வாய் வச்சதும் பஸ் ஏறுனீங்களாமே. எங்கிட்ட மட்டும் எப்படி இவ்வளவு நாள் சாப்பிட்டீங்க? எங்க ரெண்டு பேருக்கும் சமையல் சொல்லிக்குடுத்தது ஒரே அம்மாதான்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். மெதுவாகப் பையை இறக்கி வைத்தான்.

"நான் அங்கன ஒண்ணும் சாப்பிடவே இல்லக்கா. காப்பிதான் குடிச்சேன். அது சும்மா, சிரிக்கதுக்காகச் சொன்னது."

பொன்மணி கரண்டியைக் கீழே வைத்தாள். தங்கையின் குழம்பு அன்றைக்கு ஒருவேளை உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கலாம் என்று மனசின் ஒரு மூலையில் அவளுமே நினைத்திருந்தாள்.

"நான் வேணா ஒரு வீடியோ போட்டு மன்னிப்பு கேக்குதேன்" என்றான்.

"வேண்டாம். அதையும் சிரிக்கிறாப்லதான் பேசுவீங்க. போங்க, வண்டி நிக்கி."

அவன் போன பிறகு யூனிட்டுக்குப் பந்தி வைத்து முடித்தாள். பாத்திரங்களை ஊறப்போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்த் தங்கைக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் தையல் மிஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"ஏட்டி, கேக்குதியா?"

"கேக்குதேன்" என்றாள் ஜெயப்பிரியா. ஏதோ பட்டனைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக மிஷின்கள் நின்றன. "இங்கன எல்லாரும் அந்த வீடியோவப் பாத்தவிய. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். மொதல்ல இருந்து சொல்லுக்கா."

பொன்மணி தொண்டையைச் செருமிக்கொண்டு, மேனேஜர் மெஸ்ஸுக்கு வந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.